பேய் கலைக்கப் போய்ப் பிள்ளை தேடின கதை

பேய் கலைக்கிற தொழிலில் பேயால் எனக்கு ஒருநாளும் கரைச்சல் வந்ததில்லை. வந்த கரைச்சல் எல்லாம் உன்னைப்போல ஆக்களால் வந்ததுதான். உன் பேர் எனக்குத் தெரியாது. ஆம்பிளையோ பொம்பிளையோ, அதுகூடத் தெரியாது. பாரிசில், எங்கள் சனம் கூடுகிற லாச்சப்பலில் ஒரு மரக்கறிக்கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற ஒரு தாய்க்கு, பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையின் காதுபட, நீ ஒரு கதை சொன்னாய். அந்தக் கதைக்குள் என்னையும் இழுத்துவிட்டாய். சொல்லிவிட்டு உன் முருங்கைக்காயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாய். மிச்சத்தைச் சுமந்தது நான்.

வாசிக்கிற மற்றவர்கள் கோபிக்க வேண்டாம். நீங்களும் கடை வைத்திருப்பீர்கள், கோப்பை கழுவியிருப்பீர்கள், கல்யாண மண்டபத்துக்குச் சோறு காய்ச்சிக் கொடுத்திருப்பீர்கள். எங்கள் சனத்துக்கு வேலை செய்து கொடுப்பதென்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். இந்த நகரத்தில் கோப்பை கழுவி, ரோசாப்பூ விற்று, சந்தையில் மீன்பெட்டி தூக்கி, பேச்சு வாங்கிப் படித்தது கனக்க. இப்போது ஒரு பூசைச் சாமான் கடையின் பின்னறையில் இருக்கிறேன். நாவூறு பார்ப்பேன், நூல் கட்டுவேன், தோசம் போகக் கழிப்புக் கழிப்பேன், காணாமல் போனதுக்கு மை போட்டுப் பார்ப்பேன். எனக்குப் பொறுமை இல்லை என்று சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் ஒரு மாதம் என் கதிரையில் வந்து இருந்து பார்க்கட்டும்.

பூசணிக்குப் பதில் கூர்ஜெட்

ஆர்ஜொந்தெய்யில் ஒரு வீடு. புதிதாகக் குடிவந்த இடத்தில் கைக்குழந்தை நித்திரை கொள்ளுதில்லை, கழிப்புக் கழிக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நான் கேட்டிருந்தது ஒரு நீத்துப்பூசணிக்காய், கொஞ்சம் தேசிக்காய், கற்பூரம், சாம்பிராணி. போய்ப் பார்த்தால் தாம்பாளத்தில் ஒரு கூர்ஜெட் படுத்திருக்கிறது. பச்சையாய், வெள்ளரிக்காய் மாதிரி, சுப்பர்மார்க்கெட் சீட்டுக்கூடக் கழற்றாமல். பூசணிக்காயை உடைத்தால் நிலத்துப் பலகை பழுதாகிவிடுமாம். அதுவும் பூசணிச் சாதி தானே என்று அந்த வீட்டு அம்மா எனக்கே பாடம் எடுத்தார். நான் மீன் சந்தையில் பேரம் பேசி வளர்ந்தவன். ஆனால் பேய்க்குக் கொடுக்கிற காயில் பேரம் பேசுகிற ஆளை அன்றைக்குத்தான் கண்டேன்.

கத்திவிட்டு, சரி, இருக்கிறதை வைத்துச் செய்வோம் என்று சாம்பிராணியைப் போட்டேன். மூன்றாம் ஊதலில் கூரையில் இருந்த புகைக்கருவி ஊளையிடத் தொடங்கியது. ஒன்று தொடங்க அடுத்த மாடியிலும் தொடங்கியது. அந்தக் கட்டிடத்துச் சனம் முழுவதும் செருப்போடும் போர்வையோடும் கீழே இறங்கி நிற்கிறது. தீயணைப்புக்காரர் தொப்பியோடு வந்து இறங்குகிறார்கள். நடுவில் நான், வேட்டியோடு, மேலில் சட்டையில்லாமல், கையில் ஒரு கூர்ஜெட்டோடு. அந்த அம்மா எனக்குக் கிட்ட வந்து பதமாகக் கேட்டார்: “ஏன் ஐயா, புகையில்லாமல் பேய் கலைக்கிற முறை ஒண்டும் வரேல்லையோ, கரண்ட் அடுப்பு மாதிரி?”

பேரம்

ஒரு சனிக்கிழமை காலமை, கடை திறந்த கையோடு போன் வந்தது. சார்செலில் இருந்து தவம் என்று ஒருவர். எனக்கு முன்பின் தெரியாது. சண்டை முடிந்த பிறகு வன்னியில் இருந்து வந்து, ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் நிற்கிறவராம். மகன் கவின், பதினொரு வயது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போனவன் வீட்டுக்கு வரவில்லை. “பேய் கொண்டுபோட்டுது அண்ணை. நீங்கள் வந்து மை போட்டுப் பாக்கவேணும்” என்றார். 

பொலிசுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். வரும் செவ்வாய்க்கிழமை வதிவிடக் கடதாசிக்குப் பிரெபெக்சர் கந்தோரில் ரந்தேவு. கனகாலம் காத்திருந்து கிடைத்த நாள். இந்த நேரம் பொலிஸ் வீட்டுக்கு வந்தால், பிள்ளையைப் பார்க்கத் தெரியாத குடும்பம் என்று எழுதிவிட்டால், கடதாசி போய்விடும் என்று பயம். நான் எத்தனையோ பேரோடு பேரம் பேசியிருக்கிறேன். அன்றைக்குப் பேசினதுபோல் ஒருநாளும் பேசவில்லை. இப்போதே பொலிசுக்குப் போனால் நானும் கூட வருவேன், அதுக்குப் பிறகு மையும் போடுவேன். போகாவிட்டால் மையும் இல்லை, நானும் இல்லை என்றேன். முதல் மை, பிறகு பொலிஸ் என்றார். முதல் பொலிஸ் என்றேன். பின்னேரம் போவோம் என்றார். கடையில் நின்ற சனம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். கடைசியில் வழிக்கு வந்தார். வந்து சொன்னதைக் கேளுங்கள்: “பேய்க்கெண்டு உங்களைக் கூப்பிட்டா நீங்கள் பொலிசைக் கூப்பிடுறியள். அப்பிடியெண்டா நான் நேர பொலிசையே கூப்பிட்டிருக்கலாமே, அண்ணை.”

என்ன தொழில், மிசியே?

என்னுடைய பிரெஞ்சு சந்தைப் பிரெஞ்சு. விலை, நிறை, திட்டு, இந்த மூன்றுக்கும் தாராளமாகக் காணும். பொலிஸ் நிலையத்தில் இருந்த இளம் அதிகாரி முதல் கேட்டது நான் பிள்ளைக்கு என்ன முறை என்று. முறை இல்லை என்றேன். அப்ப என்ன தொழில் என்றார். நான் கடை என்று சொல்லி முடிக்கமுதல், உண்மை சொன்னால் நல்லது என்று நினைத்தாரோ என்னவோ, தவம் என்னைக் காட்டி, “பாந்தோம், பாந்தோம்” என்று கையால் எதையோ துரத்திக் காட்டினார். பேய், பேய் என்று அர்த்தம்.

அந்த அதிகாரி பேனாவை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் வீட்டில் ஒரு தொடர் பார்க்கிறவராம். அதில் அமெரிக்கப் பழங்குடி ஆள் ஒருவர், நவஹோ இனம், பாலைவனத்தில் பூதங்களை வேட்டையாடுவார். பிள்ளை காணாமல் போனால் தாய்தகப்பன் அவரைத்தான் கூலிக்குப் பிடிப்பார்களாம். நீங்களும் அப்படியோ என்று கேட்டார். ஏறக்குறைய என்றேன். அவருக்குக் குதிரை இருக்கிறது என்றார். எனக்கு மெட்ரோ கார்ட் இருக்கிறது என்றேன். எரிச்சலில் சொன்னது, அவர் அதையும் சிரிப்பாக எடுத்துக்கொண்டார்.

ஆனால் வேலை தெரிந்த மனிதன். படத்தை வாங்கி உடனே அனுப்பினார். சப்பாத்து என்ன நிறம், பை என்ன நிறம், கூட்டாளிமார் ஆர் என்று வரிசையாகக் கேட்டார். தவத்துக்குத் தெரிந்தது தமிழ்ப் பிள்ளைகளின் பேர் மட்டும். அந்த வீடுகளில் எல்லாம் முதல்நாளே தேடியாயிற்று. மச்சம், தழும்பு, மருந்து என்று கேள்வி போகப் போக என் பிரெஞ்சு முடிந்துவிட்டது. இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட முடியுமா என்று அதிகாரி கேட்டார். நான் அதைத் தமிழில் சொல்ல, தவம் சட்டைப்பையில் இருந்து போனை எடுத்துக்கொண்டே சொன்னார்: “அதுக்கென்ன, என்ரை மகன் இருக்கிறான். அவன் வடிவாக் கதைப்பான்.”

குளியலறைக்குள் இரண்டு குரல்

சார்செல் வீட்டு வாசலில் மலைபோலச் செருப்பு. லிப்ட் வேலை செய்யவில்லை. நான் ஏறின மூச்சு அடங்கமுதல் ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கீழ்வீட்டு மலர் அக்கா ரோல்ஸும் தேத்தண்ணியும் பரிமாறிக்கொண்டு அந்த வீட்டை நடத்திக்கொண்டிருந்தார். தாய் வதனி மட்டும் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாள். அவள் ஒன்றும் வாயில் வைக்கவில்லை. பேய் என்று எப்படித் தெரியும் பிள்ளை என்று கேட்டேன்.

கொஞ்சநாளாகக் கவின் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்கிறானாம். உள்ளே இரண்டு குரல் கேட்குமாம். ஒன்று தடித்த குரல், கோபக்கார ஆம்பிளைக் குரல். மற்றது சின்னக் குரல், கெஞ்சுகிற குரல். இரண்டும் பிரெஞ்சு. தடித்தது அதட்டும், சின்னது கெஞ்சும். ஒருநாள் சின்னது அழுதும் இருக்கிறது. பஸ் தரிப்பிலும் தனிய நின்று வாயசைக்கிறானாம். மரக்கறிக்கடையில் தெரிந்த ஒரு ஆளிடம் வதனி இதைச் சொல்லிக் கண்கலங்கியிருக்கிறாள். அந்த ஆள் சொல்லியிருக்கிறது: இது முனி. லாச்சப்பலில் ஒருத்தன் இருக்கிறான், அவனிடம் கொண்டுபோ. நாக்கில் கற்பூரம் வைத்துக் கொளுத்துவான், நாக்கில் இருந்து கதைக்கிறது ஓடிவிடும்.

அந்த ஆள்தான் நீ. அந்த ஒருத்தன்தான் நான். நான் எழும்பி நின்றுவிட்டேன். இத்தனை வருசத்தில் ஒருவருக்கும் வேப்பிலையால் அடித்ததுகூட இல்லை. யார் சொன்னது என்று கேட்டேன். பேர் சொன்னால் கோவிப்பார்கள் என்றாள் வதனி. பிள்ளை அப்போது எங்கே நின்றவன் என்று கேட்டேன். பக்கத்தில்தான், பையைப் பிடித்துக்கொண்டு என்றாள். உங்கள் பிள்ளையை ஒரு பேயும் கொண்டுபோகவில்லை, அவன் எனக்குப் பயந்து ஓடியிருக்கிறான் என்று அந்த வீடு அதிரக் கத்தினேன்.  பிறகு மலர் அக்கா தட்டை என் பக்கம் நீட்டினார்: “ஐயாவுக்குப் பயந்து பேய் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கெண்டா, ஐயா கெட்டிக்காரன்தானே. இன்னுமொரு ரோல்ஸ் எடுங்கோ.”

வெற்றிலையில் தலைமயிர்

மை போடுகிற முறை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். வெற்றிலையில் கறுப்பு மையைத் தடவி, எண்ணெய் விட்டு, சின்னப் பிள்ளையின் கையில் கொடுப்பது. வளர்ந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது, சின்னப் பிள்ளைக்குத்தான் தெரியும். எனக்கு அதற்குள் என் மூக்கைத் தவிர ஒருநாளும் ஒன்றும் தெரிந்ததில்லை. அந்த வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை இருந்தாள், கவினின் தங்கச்சி மதுஷா, ஏழு வயது. நான் வந்த நேரம் தொடங்கி மேசைக்கடியில் இருந்து, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தாள். வெளிச்சமான யன்னலோரம் அவளை இருத்தி, வெற்றிலையைக் கையில் கொடுத்தேன். ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொன்னேன். சொன்னதுதான் மிச்சம்.

“நீ ஒண்டும் சொல்லவேண்டாம் மது. இதுக்குள்ளை தெரியிறதை மட்டும் சொல்லு. அண்ணா இப்ப எங்கை இருக்கிறார்?”

அவள் வெற்றிலையை மூக்குக்குக் கிட்டப் பிடித்துக் கனநேரம் பார்த்தாள். பிறகு பிரெஞ்சில் தொடங்கினாள். நான் பாதி விளங்கிப் பாதி கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னேன். சுவர் முழுக்கத் தலைமயிர் தொங்குதாம். நீட்டு நீட்டுத் தலைமயிர். ஒரு பொம்பிளையை இருத்திவைத்து இரண்டு பொம்பிளைகள் தலையைப் பிடித்து இழுக்கிறார்களாம். அண்ணா கீழே இருக்கிறாராம். கதவுக்கு வெளியே ரெயின் ஆகாயத்தில் போகிறதாம்.

மலர் அக்கா “ஐயோ கடவுளே” என்று நெஞ்சில் கைவைத்தார். இது மேலுலகம் என்றார் ஒருவர். தலைவிரிச்ச சாதி, இது நீத்துப்பூசணிக்கு அடங்காது என்றார் இன்னொருவர். வதனி விக்கி விக்கி அழத் தொடங்கினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாரையும் குசினிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். ஆகாயத்தில் போகிற ரெயின் எது என்று லாச்சப்பலில் நடக்கிற எவனுக்கும் தெரியும். இரும்புப் பாலத்துக்கு மேலால் ஸ்டாலின்கிராட் ஸ்டேசன் பக்கம் போகிற மெட்ரோ. அதற்குக் கீழே ஆபிரிக்கப் பெண்களின் தலைமயிர் பின்னுகிற கடைகள் எத்தனை இருக்கிறது. “கதவு என்ன நிறம் மது?” என்று கேட்டேன். நீலம் என்றாள். இந்த முறை மையைப் பார்க்காமல், என்னைப் பார்த்து.

போன இடத்தைச் சொல்லமாட்டேன் என்று தமையனுக்குச் சத்தியம் செய்தது அவள், மை சத்தியம் செய்யவில்லை. வேறு என்ன சொல்ல. தவத்தை இழுத்துக்கொண்டு நான் படியிறங்க, மேலே இருந்து மலர் அக்காவின் குரல் துரத்தி வந்தது: “ஐயா, இவ்வளவு தெரியிற மைக்கு, துலைஞ்சுபோன என்ரை சங்கிலி எங்கையெண்டு ஒரு சொல்லுச் சொல்லத் தெரியாதோ?”

சீப்போடு நின்ற மதாம்

ரெயின் ஏறிக் கார் து நோர் ஸ்டேசனில் இறங்கினோம். பொலிஸ் அதிகாரிக்குப் போன் எடுத்து, நீலக் கதவு என்று நான் சொன்னேன். தாங்களும் வருகிறோம் என்றார்கள். நாங்கள் முந்திவிட்டோம். கடைக்குள் சனிக்கிழமைச் சனம். சுவர் முழுக்க, மது சொன்னதுபோலவே, மயிர்க்கற்றை தொங்குகிறது. நிலத்தில் ஒரு முக்காலியில் கவின், பக்கத்தில் அவன் வகுப்புப் பெடியன் மூசா. இரண்டுபேரும் கற்றை கற்றையாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டு இருக்கிறார்கள். என் நெற்றித் திருநீற்றைக் கண்ட உடனே கவின் கதிரைக்குப் பின்னால் பாய்ந்து வாயைப் பொத்தினான்.

மூசாவின் தாய், மதாம் ஐசா, சீப்பை நீட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். என்னைவிட ஒரு சாண் உயரம். பிள்ளையின் நாக்கைக் கொளுத்துகிற ஆள் நீயோ என்று கேட்டார். நான் தகப்பனைக் காட்டினேன். தகப்பன் தன்னோடு போனில் கதைத்தவர் என்றார் மதாம். மகன் ஒரு சில நாள் உங்கள் வீட்டில் நிற்கட்டும், வீட்டில் ஆக்களுக்குச் சுகமில்லை என்று வெள்ளிக்கிழமை கேட்டவராம். “உடைஞ்ச பிரெஞ்சுதான். ஆனா நல்ல மரியாதை தெரிஞ்ச மனிசன்” என்றார். நான் ஒரு போனும் எடுக்கவில்லை என்றார் தவம். மூசா நிலத்தைப் பார்த்தான். கவினும் நிலத்தைப் பார்த்தான்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூசாவின் போனில், மாடிப்படியில் நின்று, தகப்பனின் குரலில் கதைத்தது இவன். குளியலறையில் கெஞ்சின சின்னக் குரலும் அதே தகப்பன்தான். தடித்த குரல் பிரெபெக்சர் யன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆள். போனமுறை தகப்பனுக்குக் கதைத்துக்கொடுக்கப் போனபோது இவன் ஒரு சொல்லைத் தடுமாறிவிட்டான், திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். இந்தமுறை பிழைக்கக்கூடாது என்று அவர் கேட்பதையும் அப்பா சொல்வதையும் மாறி மாறிப் பழகியிருக்கிறான். தவம் வாடிக்கைக்காரருக்குப் போட்டிருந்த கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார். கவின் தகப்பனைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். வாயில் இருந்து கையை எடுத்துத் தமிழில் சொன்னான்: “அங்கிள், செவ்வாய்க்கிழமை வரைக்கும் விடுங்கோ. அண்டைக்கு அப்பாவுக்குக் கதைக்க நாக்கு வேணும். புதன் பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை, நானே உங்கடை கடைக்கு வாறன்.”

செவ்வாய்க்கிழமை

அப்படிக் கேட்ட பிள்ளையை இந்தமுறை கதைக்கவிடுவதில்லை என்று நான் முடிவெடுத்தேன். பின்னால் வந்த பொலிஸ், பிள்ளை கிடைத்துவிட்டான் என்று எழுதிக்கொண்டு போனதோடு சரி. செவ்வாய்க்கிழமை பின்னறையைப் பூட்டிவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தவத்தோடு பிரெபெக்சருக்கு நானே போனேன். கவினை வரவேண்டாம் என்று சொல்லியும் வந்து நின்றான். யன்னலுக்கு அந்தப் பக்கம் தடித்த குரல் ஒன்றும் இல்லை. ஒரு நடுத்தர வயதுப் பெண், சளிபிடித்த தொண்டை. நான் தொடங்கினேன். ஒவ்வொரு வசனத்துக்கும் எனக்குப் பக்கத்தில் இருந்து மெல்லமாக ஒரு திருத்தம் வருகிறது. நான் முறைக்கிறேன். அடுத்த வசனம், அடுத்த திருத்தம். சந்தையில் இருபது வருசம் செல்லுபடியான என் பிரெஞ்சு அங்கே ஒரு சதத்துக்கும் போகவில்லை.

கடைசியில் அவன்தான் எல்லாம் கதைத்தான். தட்டுத்தடுமாறாமல், தகப்பனின் முகத்தைப் பார்த்துப் பார்த்து. தற்காலிகக் கடதாசி கிடைத்தது. தவம் அதை இரண்டு கையாலும் வாங்கினார். எனக்குச் சந்தோசம்தான். ஆனால் எனக்கு இன்னும் ஐம்பது வயதாகவில்லை என்பதை யாராவது அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும். என்னைப் பேச்சின் நடுவில் மறித்து அவர் சொன்னது இதுதான்: “மிசியே, நீங்கள் கொஞ்சம் இருங்கோ. உங்கடை பேரன் சொல்லட்டும்.”

கேக் மிஞ்சின வீடு

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நீ சொன்ன கதை கவின் வீட்டுக்கு வரமுதல் லாச்சப்பல் முழுக்க வந்துவிட்டது. இப்போது அவனுக்குப் பேர் பேய்ப்பெடியன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையைத் தாய் வந்து வேறு வாங்கில் மாற்றி இருத்தினாள். பிறந்தநாளுக்கு வதனி வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லி, பெரிய கேக் வாங்கி, பலூன் கட்டி வைத்தாள். வந்தது மூசாவும் மதாம் ஐசாவும், நானும். மலர் அக்காகூடத் தலைவலி என்று ரோல்ஸ் தட்டை மட்டும் கொடுத்துவிட்டிருந்தார்.

நான் வாற போற எல்லாருக்கும் சொன்னேன். பேய் இல்லை, பிள்ளை ரந்தேவுக்குக் கதைத்துப் பழகினவன், அவ்வளவுதான் என்று. வேறு யார் சொன்னாலும் நம்புவார்கள். பேய் கலைக்கிறவன் பேய் இல்லை என்றால் யார் நம்புவது. அப்பிடித்தான் அண்ணை வெளியிலை சொல்லவேணும், இல்லாட்டி அதுக்குக் கேட்டிடும் என்று ஒருவர் கண்ணடித்தார். கனகாலமாகத் தெரிந்த ஒரு கடைக்காரர் என் தோளில் தட்டி, உனக்கு அடங்காத பேய் எண்டு ஒத்துக்கொள்ளன், அதிலை என்ன வெக்கம் என்று ஆறுதல் சொன்னார். எனக்கு ஆறுதல்.

போன கிழமை, ஒரு புதன் பின்னேரம், கவின் என் பின்னறைக்கு வந்தான். தனியாக. இப்போது தகப்பன் தாய்க்குத் தெரிந்துதான் வருவான். நிறைய யோசித்துக்கொண்டு வந்திருக்கிறான். என் முன்னால் கதிரையில் இருந்து, கையைக் கட்டிக்கொண்டு, என்னைப்போலவே பேரம் பேசினான்: “ஞாயிற்றுக்கிழமை கடையிலை ஆக்கள் நிறைய நிக்கேக்கை எனக்குப் பேய் கலைச்சுக் காட்டுங்கோ அங்கிள். நான் விழுந்து காட்டுறன். பேந்து எல்லாரும் என்னோடை விளையாட வருவினம்.”

நான் மாட்டேன் என்றேன். இத்தனை வருசத்தில் இல்லாததுக்கு எத்தனையோ கழிப்புக் கழித்தவன் நான், கூர்ஜெட்டுக்கும் மந்திரம் சொன்னவன். ஆனால் இதை மட்டும் செய்யமாட்டேன். நான் ஒருமுறை கலைத்தேன் என்றால், இருந்தது என்று ஆகிவிடும். அவன் தாடி வைத்துப் பிள்ளைகுட்டி பெற்ற பிறகும், முந்தி பேய் பிடிச்ச பெடியன் என்றுதான் சொல்வார்கள். அவன் என்னை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு எழும்பிப் போனான்.

ஆகவே நீ வா. பேர் சொல்லவேண்டாம், எனக்கு உன் பேர் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை, சனம் நெருக்கி நிற்கிற நேரம், அதே மரக்கறிக்கடையில், அன்றைக்குச் சொன்ன அதே சத்தத்தில் சொல்லு: தவத்தின் மகனுக்குப் பேயும் இல்லை முனியும் இல்லை, நான் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொன்னேன் என்று. சொல்லிவிட்டு ரெயின் ஏறிச் சார்செலுக்குப் போ, லிப்ட் இன்னும் வேலை செய்யவில்லை, ஏறு, ஏறிப்போய் அந்தப் பிள்ளைக்கும் அதையே சொல்லு, உன் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் விளையாடக் கூட்டிக்கொண்டு போ. இருக்கிற பேயென்றால் நான் கலைத்துவிடுவேன், இல்லாத பேயைக் கலைக்க எனக்கு வழி தெரியாது. அதைக் கொண்டுவந்து விட்டது நீ, வந்து நீயே கூட்டிக்கொண்டு போ.